ஒரே தீவு, இரண்டு நாடு: கிழக்குத் திமோர் எப்படித் தனிநாடானது?

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "திமோர் ஒரே தீவு. மேற்குப் பாதி இந்தோனேசியாவோடு இருக்கிறது. கிழக்குப் பாதி மட்டும் ஏன் அவ்வளவு உயிரைக் கொடுத்துத் தனிநாடானது? போர்த்துக்கீசியர் வரைபடத்தில் போட்ட கோடுதானே காரணம்? அப்புறம், பிரிந்தபின் நன்றாக இருக்கிறார்களா?"

கோடு ஒரு காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் கோடு நிலத்தைத்தான் பிரிக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களெல்லாம் "நாம்" என்று நினைப்பதற்கு வேறு ஏதாவது நடக்க வேண்டும். போர்த்துக்கீசியர் அங்கே இருந்த 400 ஆண்டுக்கு மேலான காலத்தில் அது முழுதாக நடக்கவில்லை. இந்தோனேசிய ராணுவம் இருந்த 24 ஆண்டுகளில் நடந்தது. என் பதிலின் சாரம் இதுதான். ஆனால் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்லமாட்டேன், கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

பெயரிலேயே அந்த நாட்டின் வரலாறு கொஞ்சம் இருக்கிறது. மலாய் மொழியில் 'தீமூர்' என்றால் கிழக்கு. போர்த்துக்கீசியத்தில் 'லெஸ்தே' என்றாலும் கிழக்கு. ஆக, தீமோர்-லெஸ்தே என்ற அந்நாட்டின் அதிகாரப்பூர்வப் பெயருக்குக் 'கிழக்குக் கிழக்கு' என்று பொருள். முதல் கிழக்கு மலாய் வணிகர்கள் வைத்தது, இரண்டாவது லிஸ்பனிலிருந்து வந்தவர்கள் சேர்த்தது. பரப்பு சுமார் 15,000 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 13 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். தலைநகர் டிலி.

எல்லோரையும் அந்தத் தீவுக்கு இழுத்தது சந்தனம். நம் ஜவ்வாது மலையிலும் சத்தியமங்கலத்திலும் வளரும் அதே வெள்ளைச் சந்தன இனம்தான் அங்கேயும். சீனரும் ஜாவானியரும் மலாய்க்காரரும் ஏற்கெனவே வாங்கிப்போய்க்கொண்டிருந்தார்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர், அடுத்த சில ஆண்டுகளில் அதைத் தேடித் திமோர்ப் பக்கம் வந்துவிட்டார்கள். 1522இல் மெகல்லன் குழுவில் எஞ்சியவர்களின் கப்பல் அங்கே ஒதுங்கியபோது, உடன் வந்த பிகாஃபெட்டா அந்தத் தீவின் சந்தனத்தைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார்.

வந்தார்கள் என்றவுடன் ஆண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உள்நாடு முழுக்க 'லியூராய்' எனப்படும் சிற்றரசர்களின் கையில் இருந்தது. போர்த்துக்கீசியப் பக்கத்தில் முதலில் வேர்விட்டது அரசாங்கம் அல்ல, டொமினிக்கன் துறவிகள். பக்கத்திலிருந்த சோலோர் தீவில் 1566இல் கோட்டை கட்டியதும் அவர்கள்தான். அடுத்து வந்தவர்கள் 'தோப்பாஸ்' எனப்படும் கலப்பினத்தார். போர்த்துக்கீசியச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர். 'கறுப்புப் போர்த்துக்கீசியர்' என்று டச்சுக்காரர்கள் அவர்களை அழைத்தார்கள். தோப்பாஸ் என்ற சொல் நம் 'துபாசி'யிலிருந்து, அதாவது இருமொழி பேசும் இடையாளிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. தொப்பி என்ற சொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு.

இந்தத் தோப்பாஸ் குடும்பங்கள் யாருக்கும் அடங்கவில்லை. 1702இல் லிஃபாவ் என்ற கடலோர ஊரில் முதல் ஆளுநர் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அங்கே நிம்மதியாக இருக்க முடியவில்லை. 1769இல் தோப்பாஸ் முற்றுகை தாங்காமல், அப்போதிருந்த ஆளுநர் ஊரைக் காலிசெய்து கப்பலேறி, கிழக்கே டிலிக்குப் போய்விட்டார். தலைநகர் அப்படித்தான் டிலியானது. விட்டுவிட்டுப் போன லிஃபாவ் இருந்த பகுதிதான் ஒக்குசே. பிற்பாடு அது டச்சுக்காரர் பக்கம் போகாமல் போர்த்துக்கீசியக் கொடியின் கீழேயே நின்றுவிட்டது. இன்றைய வரைபடத்தில் மேற்குத் திமோருக்குள் கிழக்குத் திமோரின் ஒரு துண்டு தனியாகக் கிடப்பதற்கு அந்தப் பழைய பிணக்குதான் காரணம்.

டச்சுக்காரர்கள் 1653இல் மேற்கே குப்பாங்கில் காலூன்றினார்கள். அங்கிருந்து இரண்டு நூற்றாண்டு இழுபறி. எல்லைக்கோட்டின் பிறப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. 1851இல் லோப்பெஸ் த லீமா என்ற ஆளுநர், கையில் காசில்லாமல், ஃபுளோரெஸ், சோலோர் முதலிய தீவுகளில் போர்த்துக்கீசியருக்கு இருந்த இடங்களை 2 லட்சம் ஃபுளோரினுக்கு டச்சுக்காரரிடம் விற்க ஒப்புக்கொண்டார். 80,000 முன்பணமும் வாங்கிவிட்டார். லிஸ்பனைக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். திரும்பும் வழியில் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இறந்துபோனார். ஆனால் விற்றதை மீட்க முடியவில்லை. 1859 ஒப்பந்தத்தில் அதையே கொஞ்சம் திருத்தி ஏற்றுக்கொண்டு, திமோரையும் இரண்டாகப் பிரித்தார்கள். மிச்சமிருந்த வழக்கு 1914இல் ஹேக் நகரில் தீர்ந்தது, 1916இல் எல்லை முடிவானது. அந்தக் கோடு எந்த ஊரை எந்தப் பக்கம் தள்ளியது என்று ஊர்க்காரர்களை ஒருவரும் கேட்கவில்லை. கோட்டின் இரு பக்கமும் தேத்தும் மொழி பேசுகிறவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கிழக்குப் பக்கத்திலோ தேத்துமைத் தவிர பத்துக்கு மேற்பட்ட மொழிகள். அவற்றில் மக்காசே, ஃபதலுக்கு போன்றவை பாப்புவா வகை, தேத்தும் குடும்பத்தோடு சம்பந்தமே இல்லாதவை. ஆகவே "ஒரே மொழி, அதனால் ஒரே நாடு" என்ற கதைக்கு இங்கே இடமில்லை.

போர்த்துக்கீசிய ஆட்சி நடந்த விதம் அலட்சியம் என்ற ஒரே சொல்லில் அடங்கும். நெடுங்காலம் கோவாவிலிருந்தும் பிறகு சீனக் கரையிலிருந்த மக்காவு நகரிலிருந்தும் நிர்வாகம் நடந்தது. சந்தனம் வெட்டித் தீர்ந்தபின் காப்பி வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டம், சாலை, கட்டாய உழைப்பு, தலைவரி என்று பிடி இறுகியது. 1911இன் இறுதியில் மனுஃபாஹி பகுதியின் லியூராய் டோம் போவவென்தூரா கிளர்ந்தெழுந்தார். பல சிற்றரசுகள் அவரோடு சேர்ந்தன. அதை அடக்க லிஸ்பன், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிலிருந்து சிப்பாய்களை இறக்கியது. ஒரு காலனியின் மக்களை வைத்து இன்னொரு காலனியின் மக்களை ஒடுக்கும் பழைய வேலை. 1912 ஆகஸ்டுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் செத்திருந்தார்கள். போவவென்தூரா இன்று அந்நாட்டின் பெருமைக்குரிய பெயர். ஆனால் அன்றைக்கு அவருக்கு எதிராகப் போர்த்துக்கீசியர் பக்கம் நின்று போரிட்ட திமோர்ச் சிற்றரசர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "நாம்" என்ற நினைப்பு அப்போது இன்னும் பிறக்கவில்லை.

காப்பி என்றதும் ஒரு சின்ன விலகல். 1920களில் திமோரில் ஒரு தோட்டத்தில், அராபிகாவும் ரொபஸ்டாவும் தானாகவே கலந்து பிறந்த ஒரு செடியைக் கண்டார்கள். இலைத்துரு நோயைத் தாங்கி நின்ற செடி அது. 'திமோர் கலப்பினம்' என்று பெயர் பெற்று உலகம் சுற்றியது. அதைக் கத்தூரா என்ற வகையோடு கலந்து உருவானதே கட்டிமோர். இந்தியாவில் 'காவேரி' என்ற பெயரில் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த காப்பி வகை அந்த வழியில் வந்ததுதான். குடகிலோ ஏற்காட்டிலோ காப்பி பயிரிடுகிறவர்களுக்கு அந்தத் தீவோடு அப்படியொரு தொடர்பு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் போர்த்துக்கல் நடுநிலை நாடு. இருந்தும் 1941 டிசம்பரில் ஆஸ்திரேலிய, டச்சுப் படைகள் டிலியில் இறங்கின. அதைச் சாக்காக வைத்து 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்தார்கள். சில நூறு ஆஸ்திரேலியக் கமாண்டோக்கள் மலையில் ஒளிந்து ஓராண்டு தாக்குப்பிடித்தார்கள். சோறு போட்டு, சுமை தூக்கி, வழிகாட்டி அவர்களைக் காப்பாற்றியவர்கள் திமோர்ச் சிறுவர்களும் இளைஞர்களும். 1943 தொடக்கத்தில் கமாண்டோக்கள் கப்பலேறிவிட்டார்கள். உதவியவர்கள் ஜப்பானியர் கையில் தனியாக மாட்டினார்கள். போர் முடிவதற்குள் பட்டினியிலும் பழிவாங்கலிலும் 40,000 முதல் 70,000 பேர்வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அன்றைய மக்கள்தொகை 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆஸ்திரேலியா இந்தக் கடனை எப்படித் திருப்பியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

போருக்குப்பின் போர்த்துக்கலின் சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி அந்தத் தீவைத் தூங்கவைத்தது. 1959இல் விகேகே பகுதியில் நடந்த ஒரு கிளர்ச்சியை நசுக்கியதைத் தவிர அங்கே பெரிய அசைவில்லை. 1970களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோவா 1961இல் கையைவிட்டுப் போனது. அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் மூன்றிலும் விடுதலைப் போர் எரிந்தது. திமோரில் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை.

அந்த ஆப்பிரிக்கப் போர்களில் சலித்த போர்த்துக்கீசிய ராணுவ அதிகாரிகள் 1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். காலனிகளை விட்டுவிடுவது என்று முடிவானது. டிலியில் சில வாரங்களுக்குள் கட்சிகள் முளைத்தன. போர்த்துக்கல்லோடு இருந்துகொண்டே மெல்ல விடுதலைக்குப் போகலாம் என்ற யூ.டி.டி., உடனடி விடுதலை கேட்ட ஃபிரெடிலின், இந்தோனேசியாவோடு சேரலாம் என்ற சிறிய கட்சியான அப்போதெத்தி. ஃபிரெடிலின் இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போய்த் தேத்தும் மொழியில் எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்கள். 'மவுபெரே' என்பது மலைக்காட்டு ஏழையைப் படித்தவர்கள் இளக்காரமாகச் சொன்ன பெயர். அதையே அவர்கள் பெருமைப் பெயராக மாற்றினார்கள். "நாம்" என்பதன் முதல் விதை அங்கே விழுந்தது என்று நினைக்கிறேன்.

விதை முளைவிடுவதற்குள் சண்டை வந்துவிட்டது. 1975 ஆகஸ்டில் யூ.டி.டி. ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தது. ஃபிரெடிலின் எதிர்த்தடித்து வென்றது. சில வாரங்களில் 1,500 முதல் 3,000 பேர் இறந்தார்கள். ஃபிரெடிலினும் பிடித்துவைத்த எதிர்க்கட்சிக் கைதிகளைப் பின்னர் கொன்றது. அந்தக் கறையை நாட்டின் உண்மை ஆணையமே பதிவுசெய்திருக்கிறது. போர்த்துக்கீசிய ஆளுநர் எதிரே இருந்த அத்தாவ்ரோ தீவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் திரும்பி வரவே இல்லை.

எல்லையில் இந்தோனேசியப் படை ஏற்கெனவே நுழைந்துகொண்டிருந்தது. அக்டோபர் 16 அன்று பலிபோ என்ற ஊரில், அதைப் படம் பிடிக்கப் போன ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளின் ஐந்து செய்தியாளர்கள் கொல்லப்பட்டார்கள். நவம்பர் 28 அன்று ஃபிரெடிலின் அவசர அவசரமாக விடுதலையை அறிவித்தது. அது ஒன்பதே நாள் நின்றது. டிசம்பர் 6 அன்று அமெரிக்க அதிபர் ஃபோர்டும் வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சரும் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவைச் சந்தித்துப் புறப்பட்டார்கள். மறுநாள் விடியலில் டிலியின் மீது பாராசூட் படை இறங்கியது. அந்தச் சந்திப்பில் சுகார்த்தோ திமோரைப் பற்றிப் பேசியதும், அமெரிக்கத் தரப்பு தடை சொல்லாததும் 2001இல் வெளியான ஆவணங்களில் தெளிவாக இருக்கிறது. வியட்நாம் கைவிட்டுப் போய் எட்டு மாதம்கூட ஆகாத நேரம். கம்யூனிச எதிரியான சுகார்த்தோ அவர்களுக்குத் தேவைப்பட்டார். ஐ.நா. பொதுச்சபையில் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

1976 ஜூலையில் கிழக்குத் திமோரைத் தன் 27ஆவது மாகாணம் என்று ஜகார்த்தா அறிவித்தது. ஐ.நா. அதை ஏற்கவில்லை. சட்டப்படி போர்த்துக்கல்தான் இன்னும் நிர்வாகப் பொறுப்புள்ள நாடு, அந்நாடு இன்னும் விடுதலை பெறாத காலனி என்றே ஐ.நா. பட்டியலில் இருந்தது. உங்கள் கேள்வியிலிருந்த "கோடு" பயன்பட்டது இந்த இடத்தில்தான். டச்சுக் காலனியாக இருந்த மேற்குத் திமோர், இந்தோனேசியா விடுதலை பெற்றபோது அதனோடு சேர்ந்து போய்விட்டது. கிழக்குக்கு அந்த முடிவு எடுக்கப்படவே இல்லை. சட்டத்தின் கதவு ஒன்று திறந்தே கிடந்தது. ஆனால் அந்தக் கதவு வழியாகப் போக 24 ஆண்டு உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

முதல் மூன்றாண்டு மிகக் கொடியது. மக்கள் லட்சக்கணக்கில் ஃபிரெடிலினோடு மலைக்குப் போனார்கள். அமெரிக்கா கொடுத்த பிராங்கோ விமானங்கள் மலைச்சரிவுகளில் குண்டு போட்டன, விளைநிலம் எரிந்தது. 1978 இறுதியில் மதெபியான் மலை வீழ்ந்தது. தேத்துமில் அந்தப் பெயருக்கே இறந்தோரின் ஆவி என்று பொருள். இறங்கி வந்தவர்களை முகாம்களில் அடைத்தார்கள். பயிர் செய்ய விடவில்லை. உண்மை ஆணையம் 2005இல் கொடுத்த கணக்குப்படி, 1974 முதல் 1999 வரை குறைந்தது 1,02,800 பேர் இறந்தார்கள். அதில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 18,600, பசியிலும் நோயிலும் போனவர்கள் சுமார் 84,200. மற்ற மதிப்பீடுகள் இன்னும் மேலே போகின்றன. குண்டைவிடப் பசிதான் அதிகம் கொன்றது.

1978 டிசம்பர் 31 அன்று போராட்டத் தலைவர் நிகோலாவ் லோபாத்தோ கொல்லப்பட்டார். அவர் மனைவி இசபெல்லைப் படையெடுப்பு நடந்த நாளிலேயே டிலித் துறைமுகத்தில் சுட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று ஜகார்த்தா நினைத்தது. சிதறிக் கிடந்த சில நூறு பேரைச் சேர்த்து எழுப்பியவர் சனானா குஸ்மாவ். அவர் செய்த பெரிய காரியம் படை திரட்டியது மட்டுமில்லை. 1987இல் ஃபிரெடிலினை விட்டு விலகி, 'ஃபாலின்டில்' கெரில்லாப் படை எந்தக் கட்சியின் படையும் அல்ல, நாட்டின் படை என்று அறிவித்தார். 1975இல் எதிரெதிரே சுட்டுக்கொண்டவர்கள் ஒரே குடையின் கீழ் வர அதுதான் வழிவிட்டது.

தேவாலயத்தின் கதையையும் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. போர்த்துக்கீசியர் கிளம்பியபோது கத்தோலிக்கர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, பெரும்பாலோர் முன்னோர் வழிபாட்டினர். இந்தோனேசியச் சட்டப்படி அரசு ஏற்ற மதங்களில் ஒன்றைப் பதிவுசெய்தே ஆக வேண்டும். மக்கள் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கத்தைத் தேர்ந்தார்கள். 1990களில் 90 விழுக்காட்டைத் தாண்டியது. நான்கு நூற்றாண்டு துறவிகள் செய்ய முடியாததை இருபது ஆண்டு அச்சம் செய்தது. தேவாலயம் மட்டுமே ராணுவம் எளிதில் நுழையத் தயங்கிய இடம். இன்னொன்று: போர்த்துக்கீசிய மொழி தடைசெய்யப்பட்டபோது, பூசையை இந்தோனேசிய மொழிக்கு மாற்றாமல் 1981இல் தேத்துமுக்கு மாற்றினார்கள். சந்தை மொழியாக இருந்த தேத்தும் அதிலிருந்து செபமொழியாகி, பிறகு தேசத்தின் மொழியாகிவிட்டது. (தேத்துமில் ஜன்னலுக்கு 'ஜனேலா', மேசைக்கு 'மேசா', சாவிக்கு 'ஷாவே'. நமக்கும் அவர்களுக்கும் அந்தச் சொற்களைக் கொடுத்தது ஒரே கப்பல்காரர்கள்.) 1989இல் டிலியின் ஆயர் பெலோ ஐ.நா. பொதுச்செயலருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் திமோர்க் கடலின் எண்ணெயைப் பங்கிட ஒப்பந்தம் போட்டன. இரு வெளியுறவு அமைச்சர்களும் அந்தக் கடலின் மேலே விமானத்தில் பறந்துகொண்டே கையெழுத்திட்டு மதுக்கோப்பை உயர்த்தினார்கள். போர்க்காலக் கடன் இப்படித்தான் திருப்பப்பட்டது.

1991 நவம்பர் 12 எல்லாவற்றையும் மாற்றியது. இரண்டு வாரத்துக்கு முன் மொத்தாயேல் தேவாலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட செபஸ்தியாவ் கோமெஸ் என்ற இளைஞருக்காகப் பூசை முடித்து, ஆயிரக்கணக்கானோர் சாந்தா குரூஸ் கல்லறைக்கு ஊர்வலமாகப் போனார்கள். அதில் பெரும்பாலோர் 1975க்குப் பின் வளர்ந்த பிள்ளைகள். இந்தோனேசியப் பள்ளியில் இந்தோனேசிய மொழியில் படித்தவர்கள். ஜகார்த்தாவின் கணக்குப்படி அவர்கள் இந்தோனேசியராக வளர்ந்திருக்க வேண்டும். கல்லறை மதிலுக்குள் அவர்கள் நெருக்கியடித்து நிற்கும்போது சிப்பாய்கள் சுட்டார்கள். 250 பேருக்கு மேல் இறந்தார்கள். இதற்கு முன்பும் இப்படிக் கொன்றிருக்கிறார்கள், உலகம் பார்க்கவில்லை. இந்தமுறை மேக்ஸ் ஸ்டால் என்ற பிரிட்டிஷ் செய்தியாளர் உள்ளே கேமராவோடு இருந்தார். பிடிபடுவதற்குமுன் ஒளிநாடாவை ஒரு புதிய கல்லறை மண்ணில் புதைத்துவிட்டு, இரவில் வந்து எடுத்தார். அது நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டு உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. சுடுபவர்களுக்கு நடுவே பிள்ளைகள் போர்த்துக்கீசிய மொழியில் செபம் சொல்வதைப் போர்த்துக்கல் மக்கள் கேட்டார்கள். மறந்திருந்த நாடு விழித்துக்கொண்டது.

மறு ஆண்டு சனானா பிடிபட்டார். முதலில் ஆயுள் தண்டனை, பிறகு 20 ஆண்டாகக் குறைத்தார்கள். சிறைக்குள் இருந்தே அவர் இயக்கத்தை நடத்தினார். 1996இல் ஆயர் பெலோவுக்கும், வெளிநாடுகளில் இருபது ஆண்டாகக் கதவு தட்டிக்கொண்டிருந்த ஜோசே ராமோஸ்-ஹோர்தாவுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் கதவு உண்மையில் திறந்தது 1997-98 ஆசியப் பொருளாதாரச் சரிவில் சுகார்த்தோ விழுந்தபோதுதான். அடுத்து வந்த ஹபிபி 1999 ஜனவரியில் திடீரென்று, மக்களையே கேட்டுவிடலாம் என்றார்.

கேள்வி எளிது: இந்தோனேசியாவுக்குள் சிறப்புத் தன்னாட்சி வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் பிரிவு. ராணுவம் வளர்த்த ஆயுதக்குழுக்கள் ஏப்ரலிலிருந்தே வெறியாட்டம் தொடங்கியிருந்தன. லிக்கிசா தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களை வெட்டினார்கள். ஆகஸ்ட் 30 அன்று வாக்குப்பதிவு. விடியுமுன்பே மக்கள் நல்ல உடை உடுத்தி வரிசையில் நின்றார்கள். வாக்களித்துவிட்டுப் பலர் வீட்டுக்குப் போகாமல் நேரே மலைக்குப் போனார்கள், அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பதிவுசெய்த சுமார் 4.5 லட்சம் பேரில் 98.6 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 78.5 விழுக்காட்டினர் தன்னாட்சியை மறுத்தார்கள். 94,000 பேர் இந்தோனேசியாவோடு இருக்க விரும்பினார்கள் என்பதும் அதே முடிவில் இருக்கிறது.

முடிவு செப்டம்பர் 4 அன்று வந்தது. அடுத்த சில வாரங்களில் நாட்டின் கட்டடங்களில் 70 விழுக்காடுவரை எரிந்தது. அந்த ஆண்டு மட்டும் சுமார் 1,400 பேர் கொல்லப்பட்டார்கள். 2 லட்சத்துக்கு மேற்பட்டோரை மேற்குத் திமோருக்கு ஓட்டிப்போனார்கள். இந்த இடத்தில் எனக்கு மறக்க முடியாதது ஒன்று: ஃபாலின்டில் படை முகாமில் ஆயுதத்தோடு உட்கார்ந்திருந்தது, திருப்பிச் சுடவில்லை. சுட்டால் "உள்நாட்டுச் சண்டை" என்று உலகத்துக்குக் காட்டிவிடுவார்கள் என்று சனானா தடுத்தார். தங்கள் குடும்பங்கள் எரியும் புகையை மலையிலிருந்து பார்த்துக்கொண்டு அந்தக் கட்டளைக்கு அவர்கள் கட்டுப்பட்டிருந்தார்கள். செப்டம்பர் 20 அன்று ஆஸ்திரேலியத் தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கியது. பிறகு இரண்டரை ஆண்டு ஐ.நா. நிர்வாகம், அதன் தலைவர் பிரேசில்காரரான செர்ஜியோ வியெய்ரா த மெல்லோ. 2002 மே 20 அன்று விடுதலை.

ஈழத்தமிழர் அரசியலில் இந்த வாக்கெடுப்பு அடிக்கடி முன்னுதாரணமாகப் பேசப்படுகிறது. அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டைத் தள்ளிவிடக் கூடாது. கிழக்குத் திமோர் ஐ.நா. பட்டியலில் இருந்த காலனி, இணைப்பை ஐ.நா. ஏற்கவே இல்லை, போர்த்துக்கல் என்ற ஓர் அரசு அதற்காக உலக நீதிமன்றம்வரை போனது. 1995இல் அந்த நீதிமன்றம், இந்தோனேசியா வழக்கில் இல்லாததால் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், திமோர் மக்களின் சுயநிர்ணய உரிமையை உறுதிசெய்தது. இப்படியொரு சட்டப்பிடி மற்றப் போராட்டங்களில் பலவற்றுக்கு இல்லை.

சரி, நன்றாக இருக்கிறார்களா? விடுதலை வந்து நான்கே ஆண்டில், புதிய நாட்டின் மேற்கு மாவட்டத்துச் சிப்பாய்கள் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று முறையிட்டார்கள். ராணுவத்திலிருந்து சுமார் 600 பேரை நீக்கினார்கள். டிலியில் கிழக்கத்தியர், மேற்கத்தியர் என்று வீடுவீடாக எரிந்தது. 1.5 லட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள், பிரதமர் அல்கத்திரி விலகினார். எதிரி இருந்தவரை சேர்ந்திருந்த "நாம்" எவ்வளவு மெல்லியது என்று அன்று தெரிந்தது. 2008இல் அதிபராக இருந்த ராமோஸ்-ஹோர்தாவையே சுட்டார்கள், உயிர் பிழைத்தார். அதற்குப் பிறகு அந்த அளவுக்கு வன்முறை திரும்பவில்லை. தேர்தலில் தோற்றவர் ஆட்சியை விட்டுக்கொடுக்கிறார். அந்த வட்டாரத்தில் அது சின்ன விஷயமில்லை.

மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேத்துமும் போர்த்துக்கீசியமும் ஆட்சிமொழிகள். முடிவெடுத்தவர்கள் போர்த்துக்கீசியம் படித்த மூத்தவர்கள். ரத்தம் கொடுத்த இளைய தலைமுறைக்கோ இந்தோனேசிய மொழிதான் வரும். சட்டமும் நீதிமன்றமும் ஒரு தலைமுறைக்கே புரியாமல் போயின. போர்த்துக்கீசியம் அவர்களைப் பக்கத்து நாட்டிலிருந்து வேறுபடுத்தும் அடையாளம் என்ற வாதம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் தேத்துமில் பாடநூலுக்கு முதலிலேயே இன்னும் அதிகம் செலவழித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பணம் இருக்கிறது. கடலடி எரிவாயு வருமானத்தை 2005இல் தொடங்கிய பெட்ரோலிய நிதியில் போட்டுவைத்தார்கள். அதில் இன்று சுமார் 1,800 கோடி டாலர் இருக்கிறது. அரசின் செலவில் பெரும்பங்கு அதிலிருந்தே எடுக்கப்படுகிறது. வருமானம் தந்த பாயு-உந்தான் வயல் 2025இல் ஓய்ந்துவிட்டது. அடுத்த பெரிய வயலான கிரேட்டர் சன்ரைஸின் குழாய் திமோருக்கு வர வேண்டுமா, ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குப் போக வேண்டுமா என்ற இழுபறி பல ஆண்டாக நீடிக்கிறது. இதே எண்ணெய்ப் பேச்சுவார்த்தைக்காக 2004இல் ஆஸ்திரேலிய உளவுத்துறை, உதவித் திட்டக் கட்டட வேலை என்ற பெயரில் டிலி அமைச்சரவை அலுவலகத்தில் ஒட்டுக்கேட்புக் கருவி பொருத்தியதாக அந்த உளவுத்துறையில் இருந்தவரே வெளிப்படுத்தினார். திமோர் வழக்குப் போட்டுப் போராடி, 2018இல் இரு நாட்டுக்கும் நடுக்கோட்டை ஒட்டிய கடல் எல்லையைப் பெற்றது.

அந்த நிதிக்கு நடுவே, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் சரியான சாப்பாடில்லாமல் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. அரசின் பணம் பெருந்திட்டங்களுக்கும் முன்னாள் போராளிகளின் ஓய்வூதியத்துக்கும் போன அளவுக்குக் குடிநீருக்கும் உணவுக்கும் போகவில்லை. என்னைக் கேட்டால் அந்நாட்டுத் தலைவர்கள்மீது வைக்கவேண்டிய முதல் குற்றச்சாட்டு இதுதான்.

இந்தோனேசியாவோடு அவர்கள் பகை பாராட்டவில்லை. 1999 கொடுமைக்காக ஜகார்த்தா நடத்திய விசாரணையில் நிறுத்தப்பட்ட 18 பேரும் கடைசியில் விடுதலையாகிவிட்டார்கள். அதற்காகச் சண்டை பிடித்தால் பக்கத்தில் வாழ முடியாது என்று சனானா முடிவெடுத்தார், பலரின் குடும்பங்களுக்கு அது இன்னும் ஆறாத புண். 2011இல் ஆசியான் அமைப்பில் சேர விண்ணப்பித்த அந்நாட்டை, 14 ஆண்டு காத்திருப்புக்குப்பின் 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் 11ஆவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். பிரதமராக அந்த மேடையில் நின்றவர், ஜகார்த்தாச் சிறையில் ஆண்டுக்கணக்கில் இருந்த அதே சனானா குஸ்மாவ்.